பரவிய நோய்க்கும் சிகிச்சை உண்டு



புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று மருத்துவர் கூறியதும், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று இல்லத்தார் முடிவுகட்டிவிடுகின்றனர். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை அம்முடிவு எப்போதும் சரியன்று.

குடலிலிருந்து திரும்பும் குருதி, போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலை அடைகிறது. ஆதலின் குடலில் தோன்றிய நோயணுக்கள் பலர்க்கு அங்கேயே முதலில் தங்குகின்றன. ஆயினும், வெட்டிய பின்னும் வளரும் ஆற்றல் பெற்ற உறுப்பு கல்லீரல். நலமான கல்லீரலில் ஏறத்தாழ 70 விழுக்காடு வரை அகற்றினாலும், எஞ்சிய பகுதி சில மாதங்களில் பருத்துத் தன் பணியைச் செய்யும்.

கட்டிகளின் இடத்தையும் எண்ணிக்கையையும் ஸ்கேன் வழியே மருத்துவர்கள் அறிவர். சிலர்க்கு முதலில் கீமோதெரபி அளித்துக் கட்டிகளைச் சுருக்குவர். எஞ்சும் பகுதி போதாதெனின், நோயுற்ற பக்கத்துக்குச் செல்லும் சிரைக் கிளையை அடைத்து, மறுபக்கத்தை வளரச் செய்து, சில வாரங்கள் கழித்து அறுவை செய்வர். எல்லார்க்கும் இது பொருந்தாது. தக்கவர் எனத் தேர்ந்து அறுவை செய்யப்பெற்றோருள் 100க்கு ஏறத்தாழ 40 பேர் 5 ஆண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். நோய் மீளவும் கூடும். ஆதலின் தொடர் பரிசோதனை இன்றியமையாதது.

இதற்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இரைப்பை, குடல், கல்லீரல் அறுவைக்கெனத் தனித்துறையை வளர்த்தவர் பேராசிரியர் ரங்கபாஷ்யம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் அத்துறை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனை அடையாற்றில் உள்ளது. திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் புறநகர் ரயிலேறிச் சென்னையை அடையலாம். சிப்காட் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் இ.எஸ்.ஐ. உதவியையும், ஏனையோர் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தையும் கேட்டறிதல் நன்று.

மலத்தில் குருதி கண்டால், மூலம் என்று தாமே முடிவுசெய்து கடைமருந்தில் காலம் கடத்தலாகாது. மரக்கறி உணவினர்க்கு இந்நோய் வாராது என்றும் எண்ணலாகாது. சிகிச்சைக் காலத்தில் உடல் மெலிதல் தீது; நோன்பு மேற்கொள்ள விழைவோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே மேற்கொள்க.

நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. மருந்து வாங்கப் பொருளுதவி செய்வோர் நம்மிடையே பலர் உளர். நோயாளியுடன் மருத்துவமனைக்குத் துணை செல்வதும், "இக்கட்டியை அறுத்தெடுக்க இயலுமா?" என்று கல்லீரல் அறுவை வல்லுநரிடம் அவர்க்காகக் கேட்பதும் அத்தானத்தின் பாற்பட்டனவே. அந்த ஒரு வினாவைக் கேளாமல் எந்த இல்லமும் நம்பிக்கையைக் கைவிடலாகாது.