மண்டபத்துப் படமும் அம்மம்மா வீட்டுக் கிணறும்

(பாடசாலையின் நூற்றாண்டையொட்டி இறக்கக்கண்டியில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், வைத்தியரான எமது பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



டொக்டர் பேச வந்தால் சீனி வருத்தம், பிறஷர் பற்றித்தான் பேசுவார் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். இன்று அது இல்லை. நம் பாடசாலை மண்டபத்தில், மேடைக்கு இடப்பக்கச் சுவரில் தொங்கும் பழைய படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றை மாட்டலாம் என்று விழாக் குழுவில் பேச்சு எழுந்திருப்பது பலருக்கும் தெரியும்.

இறக்கக்கண்டியிலிருந்து போய்ப் படித்த நாங்கள், சின்ன வகுப்புகளில் அந்தப் படம் எங்கள் ஊர் என்றே நம்பினோம். முன்னால் மணல், நடுவே அசையாத தண்ணீர், அக்கரையில் ஊர். களப்புக் கரையில் நின்று பார்த்தால் இப்படித்தானே இருக்கும்! கோபுரங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தோன்றவில்லை. ஏழாம் வகுப்பில்தான் சித்திர ரீச்சர் விளக்கினார். அது ஒல்லாந்து தேசத்து டெல்ஃப்ட் நகரம். வெர்மீர் என்ற ஓவியர் 1660, 1661 அளவில் வரைந்தது. ஒரு கலண்டரில் வந்த படத்தின் மேல் கட்டம் கீறி, பெரிய துணியிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் கீறி, கட்டம் கட்டமாக ரீச்சர் தன் கையால் பிரதி செய்திருக்கிறார்.

டெல்ஃப்ட் என்பது ஒல்லாந்தர் நமது நெடுந்தீவுக்கு வைத்த பெயரும்தான். திருகோணமலைக் கோட்டையை 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள், யாழ்ப்பாணத்தை 1658இல் பிடித்தார்கள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு கிளைகளில் ஒன்று டெல்ஃப்டில் இருந்தது. ஆகவே அந்தப் படத்தில் வெயில் படும் கூரைகளுக்கும் நம் கடலுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. அவ்வளவு சந்தோசமான கொடுக்கல் வாங்கல் என்று சொல்லமாட்டேன்.

ரீச்சர் சொல்லாத ஒன்றைப் பின்னாளில் வாசித்தறிந்தேன். 1654 ஒக்டோபர் 12ஆம் திகதி டெல்ஃப்டில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து நகரின் ஒரு பகுதி தரைமட்டமானது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கரெல் ஃபப்ரீற்சியஸ் என்ற பெரிய ஓவியரும் அதில் போய்விட்டார். எக்பெர்ட் வான் டெர் பூல் என்ற இன்னொருவர் அந்த இடிபாட்டையே திரும்பத் திரும்ப வரைந்தார். வெர்மீர் தன் ஊரை அமைதியாக, காலை வெளிச்சத்தில் வரைந்தது அதற்கு ஆறேழு வருடங்களின் பின்னர்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாநாட்டுக்குப் போனபோது, ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹவுஸ் நூதனசாலையில் மூலப்படத்தைப் பார்த்தேன். ஒரு மீற்றரைச் சற்றே தாண்டிய அகலம்தான். நம்முடையது அதைவிட இரட்டிப்பு. அங்கே மணல் மஞ்சள். நம்முடையதில் வெள்ளை. ரீச்சர் மணலை மட்டும் நம் மணலாக்கிவிட்டார்! தெரிந்து செய்தாரா, கலண்டர் வெளிறிப் போயிருந்ததா என்று கேட்க இன்று அவர் இல்லை.

இப்போது குழுவில் இரண்டு யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, தெளிவான அச்சுப் பிரதி. மற்றது, சீனாவின் டாஃபென் கிராமத்துக்கு ஓடர் கொடுப்பது. 1989 முதல் அங்கே ஐரோப்பிய ஓவியங்களைக் கையால் பிரதி செய்து விற்கிறார்கள். அந்தத் தொழிலை நான் குறைவாக நினைக்கவில்லை. அதுவும் கை வேலைதான். ஆனால் அவர்கள் அனுப்பும் படத்தில் மணல் மஞ்சளாகத்தான் இருக்கும்.

கையால் வரைந்த நகரக் காட்சி என்ன வேலை செய்யும் என்பதற்குப் போலந்தின் வார்சோ நகரம் ஒரு சாட்சி. வெனிஸ் நகரத்துக் கனலெட்டோவின் மருமகன் பெர்னார்டோ பெல்லொட்டோ, 1780இல் இறக்கும்வரை அங்கே அரசனுக்காகத் தெருத் தெருவாக வரைந்தார். 1944இல் ஜேர்மன் படை அந்த நகரத்தைத் திட்டமிட்டு அழித்தது. பழைய நகரில் 85 வீதத்துக்கு மேல் போய்விட்டது. திரும்பக் கட்டியபோது, கட்டடக் கலைஞர்கள் முன்பே அளந்து வரைந்து வைத்திருந்த படங்களோடு பெல்லொட்டோவின் ஓவியங்களையும் பார்த்தே கட்டினார்கள். அவர் சில இடங்களில் அழகுக்காக மாற்றி வரைந்திருந்தார். அந்த மாற்றங்களில் சிலவும் சுவராக எழும்பிவிட்டனவாம். 1980இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றது.

நமக்கு அப்படி என்ன இருக்கிறது? 2004 டிசம்பர் 26ஆம் திகதி இங்கிருந்த அம்மம்மாவின் வீடு போனது. அல்பமும் சேர்ந்து போனது. போர் முடிந்தபின் பெரிய பாலம் வந்தது, நல்லது. ஆனால் பழைய பாலத்தடி எப்படி இருந்தது என்று என் மகளுக்குக் காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை. அம்மாவும் ரொறன்ரோவிலிருக்கும் பெரியம்மாவும் போனில் அடிக்கடி சண்டை: கிணறு பூவரசுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? நானே ஒருநாள் கட்டம் கீறி வரைந்து பார்த்தேன். மருத்துவ பீடத்தில் எலும்பும் நரம்பும் வரைந்த கைதான், வீடு மட்டும் வரமாட்டேன் என்றது. அம்மா பக்கத்திலிருந்து, "பிள்ளை, திண்ணை அவ்வளவு உயரமில்லை" என்று நாலுதரம் அழிப்பித்தார். ஒவ்வொரு அழிப்பிலும் அவருக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது: கோழிக்கூடு, வலை காயப்போட்ட கம்பு, ஐயா இருந்து வெற்றிலை போட்ட கல். பெரியம்மாவுக்கு அனுப்பினேன். கிணற்றை மாற்றி வரைந்து திருப்பி அனுப்பினார். இரண்டையும் வைத்திருக்கிறேன்.

ஆகவே குழுவிடம் என் வேண்டுகோள்: ரீச்சரின் படத்தை எறியவேண்டாம். அதில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, கீழ்மூலையில் கறையான். ஈரத் துணியால் துடைக்கவோ வார்னிஷ் பூசவோ வேண்டாம், வெயிலிலும் போடாதீர்கள். காற்றோட்டமான அறையில், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பிக்கும் செலவை எங்கள் வகுப்பு ஏற்கும். பக்கத்துச் சுவர் வெறுமையாக இருக்கிறது. அதற்கு 2004க்கு முந்தைய இறக்கக்கண்டியை நாமே வரைவோம். வெளிநாட்டு அக்காமார் நினைவிலிருப்பதைக் கொப்பித் தாளில் கீறி அனுப்பினாலும் போதும். சித்திரப் பாட மாணவிகள் கட்டம் கீறிப் பெருப்பிப்பார்கள். கிணறு எந்தப் பக்கம் என்று இருவருக்கு இரண்டு விதமாக ஞாபகமிருந்தால் இரண்டையும் அனுப்புங்கள். தாளும் பென்சிலும் வாசல் மேசையில் இருக்கின்றன. தேநீருக்குப் போகும்போது ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு போங்கள்.