பீங்கான் டிரிப்பர் வாங்குவதற்கு முன்

(வதோதரா கிளையின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காபியைப் பற்றிப் பேச நம்மிடையே ஆள் தேட வேண்டியதில்லை. காரியதரிசி என்னைப் பிடித்ததற்குக் காரணம் காபி இல்லை, பீங்கான். குஜராத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் 31 வருஷம் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பல அகங்களில் பிள்ளையோ மாட்டுப்பெண்ணோ கோப்பையின் மேல் உட்காரும் ஒரு பீங்கான் புனலை வாங்கி வந்து, உள்ளே தாளை வைத்து, பொடியைப் போட்டு, மூக்கு நீண்ட கெட்டிலால் வெந்நீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றுகிறார்கள். அதற்கு டிரிப்பர் என்று பெயர். "இதென்ன அபிஷேகம்?" என்று கேலி செய்தவர்களே போன இரண்டு கூட்டங்களில் என்னைத் தனியே அழைத்து, "ஸார், எதை வாங்கலாம்?" என்று கேட்டார்கள்.

எங்கள் அகத்துக்கு அது வந்தது நாகரிகத்துக்காக அல்ல. 2021-ல் என் சகதர்மிணிக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரை சாப்பிட்டும் கெட்ட கொலஸ்ட்ரால் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. டாக்டர் காபியை நிறுத்தச் சொல்லவில்லை. பாலையும் சர்க்கரையையும் வெகுவாகக் குறைக்கச் சொல்லிவிட்டு, "குடிப்பதைத் தாளில் வடிகட்டிக் குடியுங்கள்" என்றார். நாற்பத்து மூன்று வருஷமாகக் காலை ஐந்தரை மணிக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்து காபி குடித்துப் பழகியவர்கள் நாங்கள். நான் டபராவில் ஆற்றிக் கொண்டிருக்க, அவள் வெறும் வெந்நீரைப் பார்த்துக் கொண்டிருப்பது நடக்கிற காரியமா?

டாக்டர் சொன்னதன் விவரம் இதுதான். காபிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது. பொடியைத் தண்ணீரிலேயே கொதிக்க விட்டு இறக்கும் காபியில் இது மிக அதிகம். தாள் ஏறக்குறைய முழுவதையும் பிடித்துக்கொள்ளும். நம் பில்டரில் பொடிப் படுகை கொஞ்சம் பிடிக்கலாம். ஆனால் உலோகத் தட்டின் துளைகள் தாள் செய்யும் வேலையைச் செய்யாது. நார்வேயில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக 20 வருஷம் கவனித்து 2020-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வடிகட்டிய காபி குடித்தவர்களிடையே மரண விகிதம், காபியே குடிக்காதவர்களைவிடக் குறைவாக இருந்தது. வடிகட்டாத காபிக்கு அந்தச் சாதகம் வடிகட்டியதன் அளவுக்குத் தெரியவில்லை. இதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தாள் மாத்திரைக்கு மாற்று இல்லை.

தாளில் வடிகட்டும் யோசனை ஒரு குடும்பத் தலைவியுடையது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற அம்மாள், காபியில் வண்டல் தங்குவது பிடிக்காமல், ஒரு பித்தளைப் பாத்திரத்தில் துளைகள் போட்டு, பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து மையொற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்தாள். 1908-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினாள். துளை போட்ட பித்தளை என்றதும் நமக்குக் கும்பகோணம் ஞாபகம் வரும். அந்தத் தாள் ஒன்றுதான் வித்தியாசம்.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் நிறத்தைக் காட்டுவார். நீங்கள் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சில டிரிப்பர்களில் சிறு துளை ஒன்றோ மூன்றோ இருக்கும். மெலிட்டா வகையில் ஒன்று, ஜப்பானியக் கலிட்டா வகையில் மூன்று. இவற்றில் தண்ணீர் இறங்கும் வேகத்தைப் பெரும்பாலும் துளையே நிர்ணயிக்கும். உங்கள் கை கொஞ்சம் அவசரப்பட்டாலும் காபி கெடாது. ஹாரியோ கம்பெனியின் வி-60 இன்னொரு வகை. 60 டிகிரி கோணத்தில் கூம்பு, அடியில் ஒரே பெரிய துளை, உள்சுவரில் சுழன்று இறங்கும் மேடான வரிகள். அந்த வரிகள் தாள் சுவரோடு ஒட்டிக்கொள்ளாமல் காற்றுக்கு வழி விடுகின்றன. இதில் வேகத்தை நிர்ணயிப்பது பொடியின் பதமும் உங்கள் கையும்தான். இளைஞர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். பழகினால் அருமையாக வரும். ஆனால் காலையில் கண் சரியாகத் தெரிவதற்கு முன் காபி போடும் என் வயதுக்காரர்களுக்குச் சிறு துளை உள்ளதையே சிபாரிசு செய்வேன். எங்கள் அகத்தில் இருப்பது மூன்று துளை.

அடுத்தது பீங்கானின் தரம். விரலால் சுண்டினால் மணி போல 'டிங்' என்று கேட்க வேண்டும். 'தட்' என்று அமுங்கிக் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது, அல்லது சூளையில் சரியாக வேகவில்லை. உட்புறப் பூச்சில் தலைமயிர் போன்ற கோடுகள் இருக்கக் கூடாது. அடியில் பூச்சு இல்லாத வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நன்றாக வெந்த பீங்கானில் அது அப்படியே நிற்கும். உறிஞ்சிக்கொண்டால் நாளாவட்டத்தில் பூச்சு விட்ட இடங்களில் எண்ணெயும் வாசனையும் ஏறி, காபியில் சிக்கு நாற்றம் வரும். இன்னொன்று: உள்ளே பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் பூச்சுள்ள அலங்காரச் சாமான்களைத் தொடாதீர்கள். மலிவான வண்ணப் பூச்சுகள் சிலவற்றில் ஈயமும் காட்மியமும் இருக்கும். காபி லேசான அமிலம். உள்ளே வெறும் வெள்ளையாக, உணவுப் பாத்திரம் செய்பவர்களிடம் வாங்குவது உத்தமம்.

சூடு விஷயத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பீங்கான் சூட்டைக் காக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். முதலில் அது சூட்டைத் தின்னும்! ஒரு சாதாரண டிரிப்பர் 400 கிராம் இருக்கும். சூட்டை உறிஞ்சுவதில் பீங்கான் தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே ஆறிய டிரிப்பரில் காபி போடுவது, கொதித்த தண்ணீரில் 80 மி.லி. பச்சைத் தண்ணீரைக் கலப்பது போல. 95 டிகிரியில் 250 மி.லி. ஊற்றினால், கணக்குப்படி அது 78 வரை இறங்கலாம். நடுவில் தாள் இருப்பதாலும், நேரம் குறைவு என்பதாலும் நிஜத்தில் அவ்வளவு இறங்காது. ஆனாலும் காபி புளித்து, சப்பென்று ஆக அது போதும். தாளை வைத்து, ஒரு டம்ளர் கொதிநீரை ஊற்றிக் கொட்டிவிட்டுப் பிறகு பொடியைப் போடுங்கள். தாள் வாசனையும் போய்விடும். இந்தச் சிரமம் வேண்டாம் என்றால் பிளாஸ்டிக் டிரிப்பரே மேல். அது சூட்டை அதிகம் உறிஞ்சாது. பீங்கான் உடைகிற வரை உழைக்கும், எத்தனை தேய்த்தாலும் வாசனை பிடிக்காது. பீங்கானிலேயே ஜீவனம் பண்ணியவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் பட்சபாதமும் உண்டு.

வீட்டுப் பாத்திரத்தைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். நம் எவர்சில்வர் டம்ளர் வாய் குறுகல், எடையும் குறைவு. அதன் மேல் அரைக் கிலோ பீங்கானும் அதற்குள் கொதிநீரும் இருந்தால் முழங்கை பட்டாலே சாய்ந்துவிடும். கை நடுங்குகிறவர்கள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டு இல்லை. அகல வாய் உள்ள கனமான கோப்பைதான் சரி. தாளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கூம்புத் தாள் கூம்புக்கு, பட்டை அடித்தாள் அதற்கு. ஒன்று மற்றதில் உட்காராது. இரண்டு பேருக்குத் தினம் இரண்டு தாள் என்றால் வருஷத்துக்கு 730. உங்கள் ஊரில் எந்தத் தாள் சுலபமாகக் கிடைக்கிறதோ, அதற்கேற்ற டிரிப்பரை வாங்குங்கள்.

பொடி? இங்கேதான் பல வீடுகளில் மாமியாருக்கும் மாட்டுப்பெண்ணுக்கும் மனஸ்தாபம். அகத்தில் இருக்கும் 70க்கு 30 சிக்கரிப் பொடியை அதில் போட்டால் சிக்கரி ஊறிப் பருத்துத் தாளை அடைத்துவிடும். பத்து நிமிஷம் ஆனாலும் சொட்டிக்கொண்டே இருக்கும், வாயில் கசப்புதான். "உங்க மெஷின் சரியில்லை" என்பார் மாமியார். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. பிளான்டேஷன்-ஏ அல்லது பீபெரி, சிக்கரி துளியும் இல்லாமல், ரவைப் பதத்தில் அரைத்து வாங்குங்கள். 15 கிராம் பொடிக்கு 250 மி.லி. தண்ணீர். முதலில் 40 மி.லி. மட்டும் ஊற்றி அரை நிமிஷம் காத்திருங்கள். பொடி பொங்கி அடங்கும். மீதியை மெதுவாக ஊற்றினால் மூன்று மூன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இதில் பாலைக் கொட்டினால் கழுநீர்தான். நம் டிகாக்ஷன் கெட்டியானது, பாலைத் தாங்கும். இது அப்படியே குடிப்பதற்கு ஏற்பட்ட காபி. பால் கொஞ்சமாவது வேண்டும் என்பவர்கள் 20 கிராமுக்கு 150 மி.லி. தண்ணீரோடு நிறுத்தி, நாலு ஸ்பூன் காய்ச்சிய பால் சேர்க்கலாம். என் சகதர்மிணி முதல் மாதம் முழுவதும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள். இப்போது அந்த நாலு ஸ்பூன் பாலும் இல்லை. சிக்கமகளூர்க் கொட்டைக்கும் அரக்குக் கொட்டைக்கும் வித்தியாசம் சொல்கிறாள். நான் இன்னும் டபராவில்தான் ஆற்றிக் குடிக்கிறேன். எதிரும் புதிருமாக, அதே ஐந்தரை மணிக்கு.

பாலும் சர்க்கரையும் தடையில்லாமல், ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறவர்கள் இதை வாங்கியே ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பித்தளைப் பில்டர் பரணில் இருந்தால் இறக்கி, உள்ளே ஈயப்பூச்சு போயிருந்தால் பூசி உபயோகியுங்கள்.

பின்னால் மேஜையில் ஒற்றைத் துளை, மூன்று துளை, பெரிய துளை என்று மூன்று டிரிப்பர்கள் வைத்திருக்கிறேன். ஒன்றில் வேண்டுமென்றே விரிசல் உள்ளதைக் கொண்டுவந்திருக்கிறேன். சுண்டிப் பார்த்து எது என்று கண்டுபிடியுங்கள். வெந்நீர் தயார். பால் காபிதான் வேண்டும் என்பவர்களுக்கு மாமிகள் டிகாக்ஷன் இறக்கி வைத்திருக்கிறார்கள்.