பாண் வரிசையில் ஒரு கேள்வி

பழைய கதை ஒன்றோடு தொடங்குகிறேன். மணிமேகலைக் காப்பியத்திலே ஆபுத்திரன் கையில் அமுதசுரபி இருந்தது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். மழை பெய்து நாடு செழித்ததும் அதனிடம் உணவு கேட்டு வர ஆளில்லாமற் போயிற்று. அவன் மனம் நொந்து, மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். அந்த மணிபல்லவம் நமது நயினாதீவே என்பாருமுளர். அந்த வழக்கை அறிஞர்களிடமே விட்டுவிடுவோம்.

2022இல் பாண் வாங்க வரிசையில் நின்றபோது இந்தக் கதை நினைவில் வந்தது. அந்நியச் செலாவணி இன்றி நாடு திண்டாடிய காலம் அது. முந்திய ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடுத்ததால் நெல் விளைச்சலும் விழுந்திருந்தது. பெப்ரவரியில் உக்ரேனில் போர் மூண்டது. உலகச் சந்தைக்கு வந்த கோதுமையில் காற்பங்குக்கு மேல் ரஷ்யாவும் உக்ரேனும் அனுப்பியவை. எங்கோ கருங்கடல் துறைமுகங்கள் முடங்க, கோதுமை விளையாத இந்தத் தீவில் எங்கள் சந்திக் கடையிலே பாண் விலை ஏறியது.

எனக்கு முன்னால் நின்ற முதியவர் திரும்பி, "தம்பி, வீட்டிலை ஒடியல் இல்லையோ?" என்றார். பகிடியாகத்தான் கேட்டார். எனக்குச் சுட்டது.

ஒரு காலத்தில் இருந்தது. அப்பாச்சி பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி, கிழங்கைக் கிண்டி, தோலுரித்து, கிழித்து வெயிலில் காயவைப்பார். இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, காறல் போக வடித்த பிறகே பிட்டு அவிப்பார். மரவள்ளி அவியும்போது சட்டியை மூடவிடமாட்டார். நஞ்சு ஆவியோடு போகட்டும் என்பார். இரசாயனம் படித்தவரல்லர். பள்ளிக்கூடத்துக்கு அவர் கட்டித் தந்த ஒடியல் பிட்டை, பாண் கொண்டுவரும் பொடியன்கள் கண்டுவிடுவார்களே என்று, வழியில் நாய்க்குப் போட்டிருக்கிறேன். கடைசிவரை அவருக்கு அது தெரியாது. ஆபுத்திரன் நொந்து விட்டதை நான் வெட்கத்தில் எறிந்தேன்.

மனிதர் தாவரங்களிலிருந்து பெறும் உணவுச் சக்தியில் பாதிக்கு மேல் அரிசி, கோதுமை, சோளம் ஆகிய மூன்றிலிருந்தே வருகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நாமோ குரக்கனை நீரிழிவுக்காரரின் மருந்தாக்கிவிட்டோம்.

இப்போது எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள் கோதுமை மா இல்லை. அது பெரிய தியாகமல்ல. ஒடியல் மா விலையும் கூட, வேலையும் கூட. முதல் நாள் பிட்டை மகள் முகர்ந்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். ஏச எனக்கு வாய் வரவில்லை. காறல் போகவில்லை என்பது உண்மைதான். அப்பாச்சி எத்தனை தண்ணீர் மாற்றினார் என்று நான் ஒருநாளும் கேட்டு வைக்கவில்லை. அடுத்த கிழமை மூன்று தண்ணீர் மாற்றினேன். பாதித் தட்டுச் சாப்பிட்டாள்.