கியர்ப்பெட்டி எண்ணெய்க்கு இன்னொரு குளிராக்கி

கண்டியிலிருந்து கம்பளை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் பாதை, 80 கிலோமீற்றருக்குள் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்கு ஏறுகின்றது. ஏப்பிரல் விடுமுறையில் குடும்பமும் பெட்டிகளுமாக இப்பாதையில் ஊர்ந்து செல்லும் கார்களுள், கிளச்சு மிதியற்ற தானியங்கிக் கியர் வண்டிகள் இன்று பல. எஞ்சின் சூடாவதைச் சாரதிக்கு உணர்த்த முள்ளோ விளக்கோ உண்டு. கியர்ப்பெட்டியின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பெரும்பாலான வண்டிகளிற் காண்பதற்கில்லை.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மாத்திரம் இயக்கினால், அதன் காற்றினால் மற்றையதும் சுழலுமன்றோ? இவ்வகை வண்டிகளிற் பலவற்றில் எஞ்சினின் வலு கியர்ப்பெட்டிக்குச் சேர்வதும் அவ்வாறே. காற்றுக்குப் பதிலாக அங்கே எண்ணெய் உண்டு. பாரத்தோடு ஏற்றத்தில் மெல்லச் செல்லும்போது ஒரு விசிறி முந்த மற்றையது பின்தங்கும். அங்கு வீணாகும் வலு வெப்பமாகி எண்ணெயிற் சேர்கின்றது. 80, 90 பாகை செல்சியஸில் நெடுங்காலம் உழைக்கும் எண்ணெயின் ஆயுள், அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. சிவந்த எண்ணெய் கபில நிறமாகிக் கருகல் மணம் வீசுமாயின் கேடு தொடங்கிவிட்டது.

பல வண்டிகளில் இவ்வெண்ணெயைக் குளிர்விப்பது றேடியேற்றர்த் தொட்டியினுள்ளே இருக்கும் ஒரு சிறு குழாய். சுற்றியுள்ள நீரே கொதிப்பை நெருங்கி நிற்கையில், நீரின் சூட்டுக்குக் கீழே எண்ணெய் எவ்வாறு இறங்கும்? ஆகவேதான் காற்றினாற் குளிரும் இரண்டாவது குளிராக்கி வேண்டப்படுகின்றது. யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஓரிருவரை மாத்திரம் ஏற்றி ஓடும் காருக்கு அது வீண்செலவு.

றேடியேற்றரிலிருந்து கியர்ப்பெட்டிக்கு எண்ணெய் திரும்பும் குழாயிலேயே இதனை இணைத்தல் முறை. அக்குழாயை ஊகித்து வெட்டலாகாது. றேடியேற்றரில் ஓர் இணைப்பைக் கழற்றி, இரு முனைகளின் கீழும் ஏனம் வைத்து, எஞ்சினைச் சில விநாடிகள் மட்டும் இயக்குக. றேடியேற்றர் பக்கத்திலிருந்து எண்ணெய் வருமாயின் அதுவே திரும்பு குழாய். குளிராக்கியை றேடியேற்றருக்கு முன்னே, காற்று நேரே படுமிடத்தில், தனித் தாங்கிகளில் பொருத்துதல் நன்று. றேடியேற்றரின் மென்தகடுகளினூடே பிளாஸ்டிக் நாடா கோத்துக் கட்டினால், வண்டியின் அதிர்வில் உராய்ந்து உராய்ந்து ஒருநாள் துளை விழும்.

இனி, றப்பர்க் குழாய். கைக்கு எட்டியதென்று நீர்க்குழாயை மாட்டிவிடுதலே இவ்வேலையில் நேரும் பெருங்குற்றம். சூடான எண்ணெயில் அது ஊறி இளகும்; மலைப்பாதையில் வாய் கழன்றால், சில நிமிடங்களிலேயே கியர்ப்பெட்டி வெறுமையாகிவிடும். காக்க வந்ததே அழிப்பதாக முடியும். கியர் எண்ணெய்க்கென்றே செய்த குழாயும் உறுதியான கிளிப்பும் இன்றி இவ்வேலையைத் தொடங்காதிருத்தல் மேல்.

புதிய குளிராக்கியும் குழாயும் கொள்ளும் அளவுக்கு எண்ணெய் குறையும். தயாரிப்பாளர் குறித்த எண்ணெயையே விட்டு, கைநூல் கூறும் முறைப்படி மட்டம் பார்த்தல் வேண்டும். முதல் மலைப்பயணத்தில், இறம்பொடையில் தேநீருக்கு நிறுத்துகையில், சாரதி ஒருமுறை குனிந்து வண்டியின் அடியைப் பார்க்கட்டும். இணைப்புகள் உலர்ந்திருந்தால் எஞ்சிய ஏற்றத்தைத் தொடரலாம்.