வெட்ட வெட்டத் துளிர்க்கும் கோரை



தலைமையாசிரியர் மேடையேறினால் படிப்பைப் பற்றித்தான் பேசுவார் என்று எண்ணியிருப்பீர்கள். நான் கோரையைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். சாதியைக் களைக்கு ஒப்பிடுவது மேடை வழக்கம். அந்த உவமைக்காக அன்று. நம் உறுப்பினர் சிலருடைய நிலங்களில் உண்மையாகவே கோரை மண்டிக் கிடக்கிறது. ‘இனி இந்த மண் தேறாது’ என்று கூறி, அற்பத் தொகைக்குப் பிறரிடம் விட்டுவிடும் எண்ணம் சில வீடுகளில் உண்டு. 1892ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசின் ஆணைவழி நம்மவர்க்கு வந்த பஞ்சமி நிலங்கள் எப்படியெல்லாம் கைமாறின என்பதை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். ஒரு புல்லுக்கு அஞ்சி நிலத்தை விடுவதும் அவ்வரிசையில் சேர வேண்டுமா?

நான் வரலாறு படித்தவன். தாவரவியல் பட்டம் பெற்றவன் அல்லேன். ஆயினும் களை எடுத்த தாயின் மகன் என்பதால் இச்செடியின் மீது எனக்குப் பழைய பகை உண்டு. பின்னர் அதைப் பற்றிப் படித்தும் அறிந்தேன். 1977இல் ஹோம் என்பவரும் அவருடன் மூன்று அறிஞர்களும் உலகின் கொடிய களைகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டனர். அதில் முதலிடம் பெற்றது நம் கோரையே. 92 நாடுகளில், 52 பயிர்களில் அது களையாக நிற்கிறது என்று கணக்கிட்டிருந்தார்கள். (பாய் முடையும் கோரை வேறு, அது இதற்கு உறவினம், அவ்வளவே.)

களைகளில் இருவகை உண்டு. பார்த்தீனியம் போன்றவை ஓராண்டுக்குள் விதையிட்டு மடிபவை. பூக்கும் முன் பிடுங்கினால் அச்செடியின் கதை முடிந்தது. கோரையும் அருகும் பல்லாண்டு வாழ்பவை. அவற்றின் உயிர் மண்ணுக்கு மேலே இல்லை. ‘வேரிலிருந்து மறுபடி வருகிறது’ என்கிறோம். எருக்குக்கு அது பொருந்தும். கோரைக்கும் அருகுக்கும் நாம் வேர் என்று காட்டுவதில் பெரும்பகுதி வேரன்று. மண்ணுக்குள் ஓடும் தண்டு. எப்படி அறிவது? கணு இருக்கும், கணுவில் செதில் போன்ற இலையும், அதன் இடுக்கில் மொட்டும் இருக்கும். மணமக்களை அருகுபோல் வேரோடுமாறு வாழ்த்துகிறோமே, அப்படி ஓடுவதும் பெரும்பாலும் தண்டுதான். கணுவுள்ள ஒரு துண்டு ஈரமண்ணில் கிடந்தால் போதும், அது தனி அருகாகிவிடும்.

கோரையின் ஏற்பாடு இதனினும் நுட்பமானது. நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்கிறார்களே, அந்தக் கிழங்கே அதன் களஞ்சியம். கிழங்கிலிருந்து மேலெழும் முளை, மண்பரப்பை நெருங்கியதும் அடியில் சிறு குமிழாகப் பருத்து இலை விடும். அக்குமிழிலிருந்து வெண்மையான தண்டுகள் பக்கவாட்டில் ஓடும். அவற்றின் நுனி பருத்து மற்றொரு கிழங்காகும், அதிலிருந்து இன்னொன்று. நாளடைவில் அத்தண்டு கறுத்துக் கம்பியாகிவிடும். இவ்வாறு மாலை மாலையாகக் கிழங்குகள் கோக்கப்படுகின்றன. பெரும்பாலானவை மேல்மண்ணில், ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே இருக்கும்.

மாலையில் உள்ள எல்லாக் கிழங்குகளும் ஒருங்கே முளைப்பதில்லை. முன்னே நிற்கும் கிழங்கு வளரும்போது, பின்னவற்றின் மொட்டுகளை அது உறங்க வைக்கிறது. மாலை அறுந்தால் அக்கட்டுப்பாடும் அறும்; உறங்கியவை விழிக்கும். ஈரத்தில் கொத்தினால் கோரை இரட்டிக்கும் என்று நம் தாய்மார் சொல்வது இதைத்தான். ஈரமண்ணில் சுழற்கலப்பையை ஓட்டுவதும் கிழங்கை நறுக்கி விதைப்பதற்கு ஒப்பானதே.

களை எடுக்க வந்தவளுக்குக் கூலி அளந்தார்கள்; என்றைக்கு உழுவது என்று அவளைக் கேட்டவர் எவருமில்லை. தலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும் என்பது ஒவ்வொரு பிடுங்கலிலும் அவள் விரலுக்குத் தெரிந்தது. தெரிந்தும், ஆண்டுக்காண்டு அதே வயலில் அதே கோரையைப் பிடுங்கினாள். இன்று சிறிதளவேனும் சொந்த நிலம் உள்ள வீட்டில், நாள் குறிக்கும் உரிமையும் நம்முடையது. அந்த வித்தையை இளைஞர்கள் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கொத்துப் பிடித்ததைச் சொல்ல வெட்கப்படும் பட்டதாரிகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை.

செய்முறைக்கு வருவோம். முளைவிடும்போது கோரை தன் கிழங்கிலுள்ள மாவைச் செலவழிக்கிறது. இலை தழைத்த பின்னரே அது திரும்பச் சேமிக்கிறது. சில வாரங்களில் புதுக் கிழங்கும் இடுகிறது. செலவு முடிந்து சேமிப்புத் தொடங்குவதற்குள் வெட்ட வேண்டும். துளிர்த்தால் மீண்டும் வெட்ட வேண்டும். அமெரிக்காவின் அலபாமாவில் நடந்து 1938இல் வெளியான ஆய்வு, மூன்று வாரத்துக்கு மேற்படாத இடைவெளியில் இரண்டு பருவங்கள் தொடர்ந்து உழுதால் இக்களை ஒழியும் என்று காட்டியது. ஒருமுறை ஆளைக் கூட்டிப் பெருங்கொத்தாகக் கொத்திவிட்டு மூன்று மாதம் திரும்பிப் பாராதிருப்பது கூலிக்கு நட்டம்.

சித்திரை வெயிலில், மண் நன்கு காய்ந்திருக்கையில் ஆழ உழுது கிழங்கை மேலே புரட்டுங்கள். பொறுக்க முடிந்ததைப் பொறுக்கி எடுங்கள். எஞ்சியது வெயிலில் காயட்டும். உலர்ச்சியை அது தாங்காது. மழைக்குப் பின் முளைப்பதை நாள் தவறாமல் வெட்டுங்கள். அதன்பின் தக்கைப்பூண்டோ சணப்பையோ நெருக்கமாக விதையுங்கள். நிழலில் கோரை மெலியும். பிளாஸ்டிக் தாளை விரித்து மூடலாம் என்பவர்கள் கவனிக்க: அதன் கூரிய முளை தாளையே துளைத்து வரும்.

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாராகுவாட் இலையைத்தான் எரிக்கும். கிழங்கு அப்படியே இருக்கும். உடலுக்குள் போனால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. கிளைபோசேட் கிழங்குவரை இறங்கும். ஆனால் அதைத் தெளிப்பதற்கு 2022இல் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. தெளிப்பானை முதுகில் சுமப்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகளே. கையுறையும் முகமூடியும் தராமல் தெளிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மாணவர்களுக்கு விடுமுறை வேலை ஒன்று தருகிறேன். நான்கு கிழங்குள்ள கோரை மாலை இரண்டைத் தோண்டி எடுங்கள். ஒன்றை அறுக்காமல் ஒரு தொட்டியிலும், மற்றதை நான்காக அறுத்து இன்னொரு தொட்டியிலும் புதைத்து நீர் ஊற்றுங்கள். எதில் எத்தனை முளை, எந்த நாளில் என்று குறித்து வாருங்கள். பள்ளி திறந்ததும் குறிப்பேட்டை நானே பார்ப்பேன். முடிந்தபின் அத்தொட்டி மண்ணை வயலிலோ குப்பைக் குழியிலோ கொட்டிவிடாதீர்கள். கிழங்கை எடுத்து அடுப்பில் போடுங்கள்.