மளிகைச் சிட்டையில் முதல் வரி எது?

(அறக்கட்டளையின் மகளிர் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மளிகைச் சாமான். சம்பளம் கைக்கு வந்து, வாடகை போய், கரண்டு பில் போய், மிச்சம் நிற்கும் நாலைந்தாயிரத்தில் இரண்டு சிறு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு மாதத்தை எப்படி ஓட்டுவது? நம் பைத்துல்மாலுக்கு உதவி கேட்டு வரும் இளம் குடும்பங்களின் கேள்வி பெரும்பாலும் இதுதான். சாப்பாட்டுக்கு என்று எழுதக் கூச்சப்பட்டு, "குடும்பச் செலவுக்கு" என்று மனுவில் எழுதுகிறார்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. தன் குடும்பத்துக்குச் செலவழிப்பதும் தர்மம்தான் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அப்படியானால் அந்தச் செலவைக் கணக்குப் பார்த்துச் செய்வதும் இபாதத்தில் சேரும்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நம் வீடுகளில் மளிகைச் சிட்டை எழுதும்போது முதல் வரி அரிசி. அடுத்து எண்ணெய், சீனி, தேயிலை, மைதா, சேமியா. பருப்பு நடுவில் எங்கோ வரும். முட்டை சிட்டையிலேயே இருக்காது. காசு மிஞ்சினால் வாங்குவோம். இந்த வரிசையை மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைக்கும், கர்ப்பமாக இருக்கும் அல்லது பாலூட்டும் தாய்க்கும் வேண்டிய முட்டை, பருப்பு, மீன், கீரை ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

"அரிசி இல்லாமல் எப்படி?" என்பீர்கள். அரிசிக்கு ரேஷன் கடை இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் விலையில்லாமல் அரிசி தருகிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 20 கிலோ வரை கிடைக்கும். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சீனி கிலோ 25 ரூபாய். இவற்றை வாங்காமல் விடுவது கையில் இருக்கும் காசைக் கடலில் போடுவதற்குச் சமம். சில வீடுகளில் ரேஷன் அரிசியைக் கிலோ சில ரூபாய்க்கு வியாபாரியிடம் தள்ளிவிட்டு, கடையில் சன்ன அரிசி வாங்குகிறார்கள். அது சட்டப்படியும் தவறு, கணக்குப்படியும் நஷ்டம். அந்த அரிசி இட்லிக்கும் தோசைக்கும் கஞ்சிக்கும் நன்றாகவே இருக்கும்.

இன்னொரு விஷயம். ரேஷன் அரிசியில் கொஞ்சம் நிறம் மாறித் தெரியும் மணிகளைப் "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறார்கள். அது பிளாஸ்டிக் அல்ல. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட அரிசி. இரத்தசோகைக்காகவே கலந்தது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இந்தக் கூடத்தில் இருப்பவர்களிலும் பலருக்கு இருக்கும். ஆகவே பொறுக்காதீர்கள்.

இப்போது ஒரு கைக்கணக்கு பார்ப்போம். அத்தா, அம்மா, ஐந்து வயதில் ஒரு பிள்ளை, இரண்டு வயதில் ஒரு பிள்ளை. சாப்பாட்டுக்கு மாதம் 5,000 ரூபாய். விலை ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும், குறையும்.

ரேஷன் சாமான்களுக்கு 100 ரூபாய். அடுத்து முட்டை. முப்பது முட்டை அட்டை மூன்று வாங்கினால், ஒன்று 7 ரூபாய் வீதம் 630 ரூபாய். தினமும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளையின் ஒரு நாள் தேவையில் அது ஏறத்தாழ பாதி. பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, நிலக்கடலை எல்லாம் சேர்த்து 520 ரூபாய். கேழ்வரகு இரண்டு கிலோ 100 ரூபாய். மீன் வாரம் இரண்டு தடவை, 100 ரூபாய் வீதம் 800 ரூபாய். வஞ்சிரம் வேண்டாம், மத்தி, நெத்திலி வாங்குங்கள். விலை குறைவு, சத்து குறைவில்லை. நெத்திலியை முள்ளோடு சாப்பிடலாம், சுண்ணாம்புச் சத்தும் சேரும். பால் தினம் அரை லிட்டர், மாதம் 700 ரூபாய். கீரை, காய்கறிக்கு நாளுக்கு 30 வீதம் 900 ரூபாய். முருங்கைக் கீரை அக்கம்பக்கத்தில் கேட்டாலே கிடைக்கும். கூடுதல் எண்ணெய் 200. புளி, மிளகாய், மல்லி, வெங்காயம், பூண்டு, தேயிலைக்கு 700. கூட்டிப் பாருங்கள், 4,650 வருகிறது. மீதி 350 ரூபாயை விருந்தாளிக்கும் மாதக் கடைசிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

"இதில் கறி எங்கே?" என்று சகோதரர்கள் பார்க்கிறார்கள். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ ஆட்டுக்கறி எடுக்காவிட்டால் குறை என்று நினைக்கிறோம். அந்த அரைக் கிலோ விலைக்கு ஐம்பது முட்டைக்குக் குறையாமல் வாங்கலாம். கறி ஹலால்தான், வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு வேளைக் குழம்புக்காகப் பிள்ளைகளின் மாத முட்டையை விட்டுவிடாதீர்கள். கறி வேண்டுமென்றால் நம் நன்னிமார்கள் காட்டிய வழி இருக்கிறது. நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். ஒரு பெரிய சட்டிக்கு எவ்வளவு கொத்துக்கறி போடுகிறோம்? கொஞ்சம்தான். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் சேர்ந்து அதற்கு ருசியும் தெம்பும் தருகின்றன. மஹல்லா முழுவதும் வயிறு நிறைகிறது. ரமலானில் முப்பது நாள் செய்வதை மற்ற மாதங்களில் வாரம் இரண்டு நாள் வீட்டில் செய்யலாமே. கால் கிலோ கொத்துக்கறியைப் பருப்போடும் காயோடும் போட்டால் இரண்டு வேளைக்கு வரும். மாட்டுக்கறி சாப்பிடும் வீடுகளுக்குச் செலவு இன்னும் குறையும்.

காசு ஒழுகும் இடங்கள் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, பாக்கெட் தின்பண்டம். பிள்ளை அழுதால் பத்து ரூபாய். இரண்டு பிள்ளைக்கு நாளுக்கு 20, மாதம் 600. நான் சொன்ன முட்டைக் கணக்கு கிட்டத்தட்ட அதே 600தான். பாக்கெட்டில் உப்பும் எண்ணெயும். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைக்குப் பசியும் இருக்காது. அதற்குப் பதிலாக வறுத்த நிலக்கடலையையும் வெல்லத்தையும் இடித்து உருண்டை பிடித்து வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். டப்பாவில் வரும் சத்துப் பானங்களுக்கும் இதே கதைதான். பெரும்பாலானவற்றில் சீனி அதிகம்.

இரண்டாவது, கடைக் கடன் நோட்டு. கடன் நோட்டில் வாங்குபவர் விலை கேட்க முடியாது, வேறு கடைக்குப் போகவும் முடியாது. அன்றன்றைக்கு 10 ரூபாய் எண்ணெய், 5 ரூபாய் தூள் என்று வாங்கினால் கிலோக் கணக்கில் பார்க்கும்போது விலை கூடுதல். இதிலிருந்து வெளியே வர ஒரு மாதச் சாமானை ரொக்கத்தில் வாங்கும் அளவுக்குப் பணம் ஒரே ஒரு தடவை கையில் வேண்டும். அதற்காக நம் அறக்கட்டளை 2,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் தருகிறது. மாதம் 200 வீதம் பத்து மாதத்தில் திருப்பிக் கட்டலாம். இதற்காக நகையை அடகு வைக்காதீர்கள், வட்டிக் குழுவுக்குப் போகாதீர்கள்.

அடுத்து, நமக்கு உரியதை வாங்கத் தயங்குகிறோம். அங்கன்வாடியில் ஆறு மாதக் குழந்தை முதல் சத்துமாவு தருகிறார்கள். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உண்டு. இரண்டு வயதுக்கு மேல் மதிய உணவும் முட்டையும் உண்டு. பள்ளியில் 1982 முதல் சத்துணவு நடக்கிறது. 2022 செப்டம்பரில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை காலை உணவும் தொடங்கி, பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் உதவி உண்டு. "நம் பிள்ளை போய் அங்கே சாப்பிடுவதா?" என்று சில குடும்பங்கள் கௌரவம் பார்க்கின்றன. சிலருக்கு ஹலால் பற்றிய தயக்கம். அங்கே கொடுப்பது சாதம், பருப்பு, காய், சுண்டல், முட்டை. கறி கிடையாது. தயங்க என்ன இருக்கிறது?

இனி சொல்வதைச் சகோதரர்கள் கவனமாகக் கேளுங்கள். பல வீடுகளில் ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, கடைசியில் சட்டியில் ஒட்டியதை அந்தத் தாய் சாப்பிடுகிறாள். மீன் துண்டு தீர்ந்திருக்கும், ஆணம் மட்டும் இருக்கும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் இப்படித்தான். இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிப் பேசும் குர்ஆன் வசனம், அந்தத் தாயின் உணவையும் உடையையும் தகப்பனின் பொறுப்பில் வைக்கிறது. அவளுக்கு மிச்சம் மீதியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்கு டானிக் வாங்குவதில் என்ன பயன்? இன்று முதல் சோற்றைப் போடும்போதே அவளுடைய பங்கை எடுத்து வையுங்கள். எடுத்து வைத்துவிட்டுப் பிறகு நீங்கள் சாப்பிடுங்கள். சகோதரிகளும் ஒன்றைக் கவனியுங்கள். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் நன்றாகச் சேரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை அலமாரியில் வைக்காமல் விழுங்குங்கள்.

கடைசியாக, கொடுக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு. ரமலானில் நாம் கொடுக்கும் மளிகைப் பையில் என்ன இருக்கிறது? அரிசி, மைதா, சேமியா, சீனி, எண்ணெய். ரேஷனில் கிடைப்பதையே திரும்பவும் கொடுக்கிறோம். வரும் மாதம் முதல் நம் அறக்கட்டளையின் பையில் மைதாவும் சேமியாவும் இருக்காது. அந்த இடத்தில் பருப்பு, பயறு, நிலக்கடலை, கேழ்வரகு இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள வீட்டுக்கு மாதம் ஓர் அட்டை முட்டைக்கான சீட்டும் இருக்கும். ஒரு வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ 210 ரூபாய். ஒரு வீட்டை ஓராண்டுக்கு ஏற்றுக்கொள்ள விரும்புபவர்கள் பெயர் கொடுங்கள். குர்பானி, அகீகா இறைச்சியைப் பங்கிடும்போதும் சொந்தக்காரர்களின் ஃபிரிட்ஜை நிரப்புவதற்கு முன், தெருவில் பாலூட்டும் தாய் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று விசாரியுங்கள்.

ரேஷன் அட்டையில் பிள்ளையின் பெயர் சேர்க்காதவர்கள், அங்கன்வாடியில் பதியாதவர்கள், வட்டியில்லாக் கடன் வேண்டுபவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். அட்டையும் ஆதாரும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் கொண்டு வந்தால் போதும். விண்ணப்பத்தை நாங்களே எழுதித் தருகிறோம்.

வல்ல இறைவன் நம் வீட்டு உணவில் பரக்கத் செய்வானாக! நம் பிள்ளைகளை ஆரோக்கியமான சாலிஹான பிள்ளைகளாக வளர்ப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.