மஞ்சள் சான்றிதழ்



சில ஆண்டுகளுக்கு முன், மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டின் தலைநகரான அக்ராவில் ஒரு கருத்தரங்கிற்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கடவுச்சீட்டும் விமானச் சீட்டும் கைக்கு வந்துவிட்டன. எஞ்சியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி ஒன்றே. அதனைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டேன். புறப்பட ஐந்து நாட்களே இருக்கையில் மருத்துவரிடம் சென்று கையை நீட்டினேன். அவர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "ஐயா, ஊசியை இன்றே போடலாம். ஆனால் பத்து நாட்கள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லும். அதுவரை உங்களை அந்நாட்டினுள் விடமாட்டார்கள்" என்றார். நான் பேசவேண்டிய நாள் கடந்துபோயிற்று. வீண் கெடுபிடி என்று அன்று சலித்துக்கொண்டேன். அச்சலிப்பு அறியாமையின் விளைவு என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

மஞ்சள் காய்ச்சல் என்பது நாம் பொதுவாகக் கூறும் மஞ்சள் காமாலை அன்று. கொசுவினால் பரவும் நச்சுயிர் நோய் அது. நோய் முற்றினால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். அந்நிலையை எய்தியோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டுபோகின்றனர். கிருமியை ஒழிக்கும் தனி மருந்து இல்லை. தடுப்பு ஒன்றே வழி.

அவ்வழியைக் காண அறிஞர்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1927-ஆம் ஆண்டில், அன்று கோல்டு கோஸ்ட் எனப்பட்ட கானாவில், அசிபி என்ற நோயாளியின் இரத்தத்திலிருந்து கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. அசிபி பிழைத்தார். அக்கிருமியை ஆராய்ந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அவ்வாண்டிலேயே அந்நோய்க்கு இரையானார். மறு ஆண்டில் ஜப்பானிய அறிஞர் நொகுச்சி அதே நோயால் அக்ராவில் உயிர் துறந்தார். அசிபியிடமிருந்து கிடைத்த கிருமியைச் சோதனைச்சாலையில் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் கொடுமையைத் தணித்து, 1937-இல் தடுப்பூசி மருந்தாக்கினர் மாக்ஸ் தைலரும் அவர்தம் துணைவர்களும். 1951-இல் தைலருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எந்நாட்டிற்குச் செல்ல நான் கையை நீட்டினேனோ, அந்நாட்டு மனிதர் ஒருவரின் இரத்தமன்றோ எனக்குக் காப்பாயிற்று!

பத்து நாள் எதற்கு? மருந்து உட்சென்றவுடன் காப்பு வந்துவிடுவதில்லை. உடல் தன் எதிர்ப்பாற்றலைத் திரட்டிக்கொள்ள அத்தனை நாள் வேண்டும்.

இன்னொன்றும் கேளுங்கள். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதனைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு நம் வீட்டுப் பூந்தொட்டியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வாழ்கிறது. டெங்குவைத் தருவதும் அதுவே. கிருமியோடு ஒருவர் வந்திறங்கினால் போதும். ஆகவேதான், அந்நோயுள்ள நாடுகளிலிருந்து சான்றிதழின்றி வருவோரை ஆறு நாள் வரை தனித்து வைக்கிறது நம் அரசு. அந்த ஊசி எனக்காக மட்டுமன்று, என் தெருவிற்காகவும்தான்.

உங்களுள் பலர் நாளை கடல் கடந்து கற்கச் செல்வீர்கள். புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்னதாகவே மருத்துவரைக் கண்டு, செல்லும் நாட்டைக் கூறி, வேண்டிய தடுப்புகளைக் கேளுங்கள். 2016 முதல் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். அதனைக் கடவுச்சீட்டோடு காத்து வையுங்கள். தூய்மை ஐயமான இடங்களில் கொதித்தாறிய நீரையே பருகுங்கள். பனிக்கட்டியும் நீரே என்பதை மறவாதீர்கள். மலேரியா உள்ள நாடாயின் மாத்திரையையும் கொசுவலையையும் கைவிடாதீர்கள். திரும்பியபின் காய்ச்சல் கண்டால், சென்றுவந்த நாட்டை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

பயண மூட்டையில் கடைசியாக வைக்கும் பொருளன்று உடல்நலம், முதலில் வைக்கவேண்டியது. ஒரு கருத்தரங்கை இழந்து நான் கற்ற பாடம் இது. நீங்கள் எதையும் இழவாமலே கற்றுக்கொள்ளுங்கள்.